ஆயிரத்து நூற்று எண்பது மில்லி

தணிகாசலத்தின் விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய்
பைக்குள் இறங்குகிறது.
உள்ளே, பித்தநாளத்தில்,
அதன் தலை 'டி' எழுத்துப் போலப் படுத்திருக்கிறது.
"நம்ம சாவியும் டி தான் சிஸ்டர்" என்றார்
தியேட்டரிலிருந்து வந்து கண் திறந்ததும்.
குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவர்.
நாலடிக் கம்பி, மேலே குறுக்குப்பிடி.
கொருக்குப்பேட்டையில் பதினாறு தெருவுக்கு
அவர் திருகினால்தான் விடியும்.

ஸ்டான்லியில் எனக்கு இந்த வாரம் ராத்திரி.
காலை ஆறுக்குப் பையைக் காலி செய்து
ஜாடியைக் கண் மட்டத்தில் பிடித்து
எழுத வேண்டும்.
முதல் நாள் முந்நூற்று இருபது, கரும்பச்சை.
மறுநாள் அறுநூறு.
மூன்றாம் நாள்
ஆயிரத்து நூற்று எண்பது.
வெளிறிய மஞ்சள்,
கையில் ஒட்டாத தண்ணி.

"யாரோ நைட்டுல தொறந்து வுட்டுட்டான்" என்றார்.

திறப்பவர் உண்டு.
இரைப்பையின் புளிப்பு
சிறுகுடல் வாசலைத் தொட்டதும்
அங்கே சில செல்கள் பதறி
செக்ரெட்டின் என்றொரு சொல்லை
இரத்தத்தில் போடுகின்றன.
முகவரி எழுதாத சொல்.
முழங்கால் வழியே போகும், மூக்கு நுனிக்கும் போகும்.
காது உள்ள இடத்தில்தான் கேட்கும்.
பித்தநாளத்தின் உட்சுவரில்
ஒற்றை வரிசையாய் நிற்கிற செல்களுக்குக் காது உண்டு.

அவை நீரைத் தள்ளுவதில்லை.
படித்த காலத்திலிருந்து எனக்குப் பிடித்தது இதுதான்.
குளோரைடை வெளியே விடுகின்றன,
அதையே திரும்ப வாங்கிக்கொண்டு
பதிலுக்கு பைகார்பனேட்டைக் கொடுக்கின்றன.
நீர் தானாகப் பின்னால் வருகிறது,
லாரி ஹாரன் கேட்டதும்
குடங்கள் வருவது போல.

ஆனால் இவ்வளவா?
பெரிய டாக்டருக்கும் நிச்சயமில்லை.
சோடியம் நூற்று இருபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.
'மூடு' என்பதற்கும் உடம்பில் ஒரு சொல் உண்டு,
சொமாட்டோஸ்டாட்டின்.
அதைப் பார்த்துச் செய்த மருந்து
வார்டு ஃப்ரிட்ஜில், இன்சுலினுக்குப் பக்கத்தில்.
உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்கி
எட்டு மணிக்கொருதரம்
தோலுக்கடியில் போட்டேன்.

"ஒரேயடியா மூடாதீங்க சிஸ்டர்.
பைப்பு உதறும்.
சுத்து எண்ணணும். எனக்கு ஏழே முக்கால்."

எழுநூற்று நாற்பது.
நானூற்று அறுபது.
மஞ்சளுக்குள் பச்சை திரும்பிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு எந்தாண்ட?"
ரயில்வே கேட் தாண்டி, மாவு மில் சந்து என்றேன்.
"நாலே கால்!" அவர் முகத்தில் தெரு வந்துவிட்டது.
"கடைசி வூட்டுக்கு ஏறாது. மேடு.
அதனால ரெண்டு சுத்து எக்ஸ்ட்ரா வுடுவேன்."

கடைசி வீடு எங்களுடையது.

ஒரு மே மாதம், காலிக் குடங்களுக்கு நடுவே நின்று
திறக்கிறவன் கை விளங்காமல் போக என்று
சத்தமாகவே சொல்லியிருக்கிறேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
அந்தக் கையில்தான் அப்போது
நரம்பு தேடிக்கொண்டிருந்தேன்.
மூன்று முறை குத்தியும் கிடைக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வாரம் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை.
அவர் இடத்தில் புதுப் பையன்.
நேரம் சரியாகத்தான் திறக்கிறான்,
மேடு அவனுக்குத் தெரியாது.

இன்று முந்நூற்றுத் தொண்ணூறு.
"குறையுதா?"
"குறையுது."
குழாயை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு
ஒரு நம்பர் சொன்னார்.
"ரெண்டு சுத்து சேத்துன்னு சொல்லுங்க.
நான் சொன்னேன்னு சொல்லுங்க."

எழுத வேறு தாள் இல்லை.
மாத்திரை அட்டையின் பின்னால் குறித்துக்கொண்டேன்.
பழைய ஜெயில் ரோட்டில் இறங்கி
பஸ்ஸுக்கு நின்றபடி அழைத்தேன்.
அடித்துக்கொண்டே இருந்தது.