தண்டவாளத்து மேடு

லிபுஷே தேடுவது சிவப்பு.
செங்கல் அல்ல, திராட்சைரசம் அல்ல,
தீயணைப்பு வண்டியின் சிவப்பு.
தாடி வைத்த ஐரிஸில் அந்த நிறம்
இதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை.
இருபத்திரண்டு மே மாதங்களாக
எங்களுக்கு வாய்ப்பதெல்லாம்
ஈரல், துரு, ஆறிப்போன தேநீர்.

பனிப் புனிதர்கள் மூவரும் ஊரைக் கடந்ததும்
அவள் பாத்தியில் மண்டியிடுவாள்,
கையில் என் மூக்குமுடி பிடுங்கும் சாமணம்.
ஒன்றின் மகரந்தம் இன்னொன்றின் சூலக உதட்டில்.
பூவின் தாடியை அவள் விரல்நுனியால் ஒதுக்கும் பக்குவம் பார்த்து
நானும் ஒரு கோடை முழுக்கச் சவரம் செய்யாமல் இருந்தேன்.
"போய் முகம் கழுவு" என்றாள்.

காய் வெடித்து, விதை முளைத்து,
முதல் பூவுக்கு மூன்று வருடம்.
அதை அவள் பார்ப்பது மூன்று நொடி.
"தூக்கிப் போடு."

எனக்குக் கை வரவில்லை.
இருட்டியதும் கிழங்குகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி
தண்டவாளத்து மேட்டுக்குப் போவேன்.
இலைகளை விசிறியாக நறுக்கி, சரளையைக் கிளறி,
முதுகில் வெயில் படும்படி பதிப்பேன்
(ஆழப் புதைத்தால் அழுகும், அவள் சொன்னதுதான்).
எண்பட்டைகளை ஓடையில் எறிவேன்.
சாட்சி எதற்கு.

போன வாரம், கண்புரைக்கு நாள் குறிக்க
ப்ர்னோவுக்கு ரயிலேறினாள்.
அந்த மேட்டில் வண்டி எப்போதும் நடைபோடும்.
நான் உருளைக்கிழங்கு உரித்தபடி
அவள் எந்தப் பக்க ஜன்னலோ என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்கே திரும்பிவிட்டாள்.
காலணியெல்லாம் புழுதி, முட்டியில் சிராய்ப்பு.
அடுத்த நிலையத்தில் இறங்கி
நாலு கிலோமீட்டர் பின்னோக்கி நடந்திருக்கிறாள்.
மடித்த பயணச்சீட்டை மேஜைமேல் பிரித்தாள்.
உள்ளே ஒரு மகரந்தப்பை, நகநீளம், வெளுப்பு.

"எந்த வருஷத்துக் குப்பை இது?"
தெரியாது என்றேன்.
"தாய் எது?"
தெரியாது.
"பூத்து ஒருநாளாவது பார்த்தாயா?"
மே மாதத்தில் நான் அந்தப் பக்கம் போனதில்லை,
யாராவது பார்த்துவிட்டால்?

நெடுநேரம் என் முகத்திலேயே நின்றன
புகை படிந்த அந்தக் கண்கள்.
கோபமில்லை. அதைவிட மோசமான எதுவோ.
"எனக்கு எல்லாமே பழுப்பாகத்தான் தெரிகிறது.
எத்தனை வருஷமாகவோ.
சட்டையை மாட்டு, நீ வந்து சொல்."

வழி நெடுக
இரண்டு பதில்களை ஒத்திகை பார்த்தபடி நடந்தேன்.
அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்,
சாமணத்தோடு.