விருந்தாளி கணக்கா

பனியில் ஏறும்போதுதான் வருது என்றாள்.
காய்ச்சல் என்று எழுதினார் முதல் டாக்டர்.
மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல்.
அடுத்த மாசம் வலிக்குது என்றாள்.
அங்கே வலி என்றால் மூச்சு இழுப்பு.
முகத்தில் மாஸ்க் மாட்டி
இருபது நிமிஷம் மருந்துப் புகை இழுக்க வைத்தார்கள்.
"புகை நல்லாத்தான் இருந்துச்சு" என்று
கழற்றிக் கொடுத்தாள் வீருசின்னம்மாள்.

கம்பம்மெட்டுச் சோதனைச்சாவடி தாண்டி
ரெண்டாவது வளைவில் எங்கள் ஆஸ்பத்திரி.
நான் ஓ.பி. சீட்டு எழுதுகிறவன்.
உத்தமபாளையத்துக்காரன் என்பதால்
இரண்டு பாஷைக்கும் நடுவில்
ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.
ஏலத்தோட்டத்து ஜீப்புகள் வந்து இறக்கினால்
வரிசை குழாயடி வரை நிற்கும்.

மூன்று தடவை ஈசிஜி எடுத்தோம்.
கோடு ஒழுங்காக இருந்தது.
படுத்துக் கிடப்பவளுக்கு
ஒழுங்காகத்தானே இருக்கும்.
கேஸ் என்று முடித்தார்கள்.
"சம்பளத்தோட லீவு கேக்குற வலி" என்று
நர்ஸ் சிரித்தபோது நானும் சிரித்தேன்.
இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

புதிதாக வந்த டாக்டர் பிரின்சிக்குத்
தமிழ் அரைகுறை.
அதனாலோ என்னவோ
ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றார்.
"நெஞ்சுவலியாம்" என்றேன்.
"அவர் இவ்வளவு நேரம் பேசினாரே,
நீங்கள் சொன்னது ஒரு சொல்தானே?"

திரும்பச் சொல்லச் சொன்னேன்.
"மேட்டுல ஏறயில
தாடைக்குள்ள வந்து உக்காருது சார்,
விருந்தாளி கணக்கா.
மூட்டைய இறக்கி வச்சு நின்னா
அதுவும் எந்திரிச்சுப் போயிருது.
நெஞ்சுன்னு நான் சொல்லவே இல்லையே."

பிரின்சி மேசைக்கடியில் செருப்பைத் தேடினார்.
"எந்த மேடு?"

ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் முப்பத்தெட்டுப் படி.
இருவரும் இறங்கிப் போய், ஏறி வந்தார்கள்.
இருபத்தொன்றாம் படியில் நின்றாள் வீருசின்னம்மாள்.
தாடையில் கை வைத்து,
தெருவில் வருகிற ஆளைக் காட்டுவதுபோல
"இந்தா, வந்துருச்சு" என்றாள்.
டாக்டர் அந்தப் படியிலேயே
அவளையும் உட்கார வைத்து உட்கார்ந்தார்,
நாடியைப் பிடித்தபடி.
வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது.

கானாவிலக்கு ஆஸ்பத்திரிக்குக் கடிதம்.
இங்கிலீஷில் நாலு வரி அவருடையது.
பிறகு சீட்டைத் திருப்பி என்னிடம் தள்ளினார்:
"அவர் சொன்னது அப்படியே, தமிழில்.
தாடை, விருந்தாளி, மூட்டை.
ஒன்றும் விட வேண்டாம்."

எழுதினேன். 'சார்' என்றதைக்கூட.
பதினோரு வருஷமாகச் சீட்டு எழுதுகிறேன்,
அதைத் திருப்பிப் பார்த்தது அன்றுதான்.

தேனியில் என்ன சொன்னார்களோ தெரியவில்லை.
அவள் வருகிற ஜீப்பில்
அவள் இடத்தில் இப்போது
வேறொருத்தி, கைக்குழந்தையோடு.

இன்று வரிசையில் முதல் ஆள்
கைலியை இறுக்கிப் பிடித்தபடி
"வயிறு" என்றார்.
"வயிறு என்ன செய்யுது?"
என்னைப் பார்த்தார்.
பின்னால் குழாயடி வரை பார்த்தார்.
"சொன்னா எழுதுவீகளா?"