கச்சான், இரண்டு தரம்

ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் முந்தி
மாமாங்கக் குளக்கரையில் கடை எரிந்த பின்னேரம்,
பொலிஸில் நான் மொழிபெயர்ப்பாளன்.
நேசமலர் சொன்னது ஒரே வரி:
"கச்சான் வந்து கச்சான எரிச்சுப்போட்டுது."

சார்ஜன்ட் விமலசூரிய பேனையைத் தூக்கினார்.
ஒரே பேரில் இரண்டு பேரா?
அண்ணன் தம்பியா?

முதல் கச்சான் காற்று, சேர்.
மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிப்போட்டு
வெறுங்கையோடு வாவி தாண்டி வருவது.
உதடு வெடிக்கும். கொடியில் போட்ட சேலை
பிழிந்த கை காயுமுன் காயும்.
மற்றது சட்டி மணலுக்குள்
வறுபட்டுக்கொண்டு கிடந்தது.
அடுப்பை அவன் இவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அதெப்படி இரண்டுக்கும் ஒரு சொல்?
முறைப்பாட்டுப் படிவத்தில் இல்லாத கேள்வி.

"எங்கட வீட்டு மலாயில காச்சாங் எண்டா கடலை,
கப்பலில வந்திருக்கும்" என்றார்
கதவடியில் நின்ற கான்ஸ்டபிள் துவான் கிச்சில்.
பிணை எடுக்க வந்து வாங்கில் குந்தியிருந்தவர்,
"இல்ல, அது கச்சு தேசத்துக் கடலை" என்றார்.
அப்ப காத்து?
இருவரும் விசிறியைப் பார்த்தார்கள்.
"ரெண்டையும் திண்டு பாருங்க," என்றா நேசமலர்,
"ரெண்டுக்கும் தண்ணி விடாய்க்கும்."

சிங்களத்தில் எழுதினேன்.
கடலைக்கு ரட்டகஜு.
காற்றுக்கு அவர்களும் கச்சான் என்பார்கள்,
அப்படியே விட்டேன்.
வாசிக்கச் சொன்னா. வாசித்தேன்.

"இதில என்ட கச்சான் எங்க?"
ரட்டகஜு எண்டு போட்டிருக்கு.
"ரட்ட எண்டா?"
வெளிநாடு. வெளிநாட்டு முந்திரி.
"ஆர்ர வெளிநாடு?
கதிரவெளி மணலில குனிஞ்சு நான் புடுங்கினது.
காத்துத்தான் மனே வெளியால வந்தது."

எனக்குப் பதில் இருக்கவில்லை.
வந்தவன் பேரை வைத்துக்கொண்டு
விளைந்ததன் பேரை மாற்றியிருந்தேன்.

நட்டம்: ஏழு கிலோ, சட்டி, குடை,
தராசின் ஒரு தட்டு.
சந்தேக நபர் என்ற கட்டத்தில்
சார்ஜன்ட் மேற்கு என்று எழுதி, வெட்டி,
வெறுமையாக விட்டார்.

ஜன்னல் படாரென்று திறந்தது.
தாள்கள் எழும்பின.
நேசமலர் மடியை அவிழ்த்து
கரிந்த கச்சானில் ஒரு பிடி எடுத்து
வாக்குமூலத்தின் மேல் வைத்தா,
பறக்காமல் இருக்க.