கதவு

ஃபஹாஹீல் மீன் சந்தைக்குப் பின்னால்
கறிக்கடை ரஃபீக்குலிடம் கேட்டேன்:
ஆட்டு இதயம் மூன்று.
கீறக் கூடாது, குழாய்களை ஒட்ட அறுக்கக் கூடாது.
குழம்புக்கென்றால் யாரும் இப்படிக் கேட்பதில்லை.
எந்த டாக்டர் காலேஜ் என்றான்.
ஒன்பதாம் வகுப்பு, ஏழு பேர்,
நூலகத்துக்கும் கழிவறைக்கும் நடுவில்
ஜன்னல் இல்லாத அறை என்றேன்.
இரண்டுக்குத்தான் காசு வாங்கினான்.

மறுநாள் புழுதி.
பேருந்துகள் விளக்கெரித்து வந்தன.
ஏசியின் சத்தம் மாறியிருக்கிறதென்று
தேஜஸ்வின் உள்ளே வர மறுத்தான்.
நேற்றைவிட அரைச் சுருதி இறக்கமாம்.
பராமரிப்பு ஆள் வந்து வடிகட்டியைத் தட்டி
ஒரு கைப்பிடி பாலைவனத்தை
வெளியே கொட்டிய பிறகுதான்
காதிலிருந்து கையை எடுத்தான்.

பாடப்புத்தகத்தில் இதயம்
பாதி நீலம், பாதி சிவப்பு.
படத்தின் இடது ஏன் நம் வலது என்று
பதினான்கு வருடமாக விளக்குகிறேன்.
பதினான்கு வருடமும் பாதிப் பேர் மாற்றித்தான் குறித்தார்கள்.
ஸஹ்லாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.
அவளுக்குப் படம் என்பதே
வெளிச்சமாய்க் கிடக்கும் ஒரு தாள்.
கையுறை வேண்டாமென்றாள்.
இதயத்தைத் தன் சட்டைப்பை அருகே ஏந்தி
இரு பக்கமும் கிள்ளிப் பார்த்தாள்.
இந்தப் பக்கம் தடி, மிஸ்.
இதுதான் கால்வரைக்கும் தள்ளுறது.
பெருந்தமனிக்குள் விட்ட விரல்
ஆழத்தில் ஓரிடத்தில் நின்றது.
நூல் இருக்கு மிஸ். யார் தைச்சது?
பெயர் சொல்ல வாயெடுத்தேன்.
மணியடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

தேஜஸ்வின் ஸ்டெதஸ்கோப்பை
மேசையில் வைத்தான், ஏசியில் வைத்தான்,
கடைசியாகத் தன் மார்பில்.
லப் டப் இல்ல. புத்தகம் தப்பு. தும், த.
சரி, தும் த. எதனால் வருகிறது?
வால்வு மூடுறதால, என்று ஒப்பித்துவிட்டு
ஏசியைப் பார்த்தபடியே கேட்டான்:
திறக்கும்போது ஏன் சத்தம் இல்ல?
எம்.எஸ்சி. படித்தேன், பி.எட். படித்தேன்,
யாரும் இதைக் கேட்டதில்லை, நானும்.
தேடிச் சொல்கிறேன் என்றேன்.
எத்தனை மணிக்கு? என்றான்.

இம்ரோஸ் பேசமாட்டான்.
அவன் டேப்லெட்டில் நூற்றெண்பது படங்கள்.
தொட்டால் யாரோ ஒருத்தியின் குரல்:
தண்ணீர். வலி. போதும். பேருந்து.
இதயத்துக்கும் ஒன்று உண்டு,
வாழ்த்து அட்டைச் சிவப்பில்.
அதைத் தொடுவான் என்று காத்திருந்தேன்.
அவனோ திறந்த இதயத்தில் பென்சில் நுனியால்
ஒரு வால்வின் இதழைத் தூக்கினான், விட்டான்,
தூக்கினான், விட்டான், முப்பது முறை இருக்கும்.
பிறகு திரையைத் தள்ளித் தள்ளி
'வீடு' பக்கத்துக்குப் போய்த் தொட்டான்.
கதவு, என்றாள் அவள்.
கதவு. கதவு.

இரவு ஃபிரிட்ஜைத் திறந்த கணவர்
மிளகு போட்டா, வறுவலா என்றார்.
ஒன்பது மணிக்குத் தேஜஸ்வினின் அம்மாவுக்கு எழுதினேன்:
நல்ல வால்வு திறக்கும்போது பொதுவாகச் சத்தம் கேட்காது.
சில சமயம், நோயுள்ளது கேட்கும்.
பதில் வந்தது:
எங்க வீட்டு வாசக்கதவுக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்குறான்.

அரையாண்டுத் தேர்வு. கேள்வி பதினொன்று:
இரத்தம் பின்னோக்கிப் பாயாமல் தடுப்பது எது?
விடைக்குறிப்பில் வால்வு.
பக்கத்திலேயே, வேறு சொற்கள் ஏற்கப்படா.
இம்ரோஸுக்கு எழுதித் தருபவர்
அவன் தொட்டதை அப்படியே எழுதியிருந்தார்.
ஒன்று போட்டேன்.
மேற்பார்வை திருமதி குரியாக்கோஸ்
அதை அடித்துப் பூஜ்யம் போட்டார்.
பூஜ்யத்தின் மேல் நான் மறுபடி ஒன்று போட்டேன்,
கொஞ்சம் அழுத்தித்தான் போட்டேன் போல.
தாள் கிழிந்து
அடுத்த பக்கத்துச் சிறுநீரகம் தெரிந்தது.