மூக்குக்கு மட்டும்

ஓசூர் செக்போஸ்ட்டில் டார்ச் அடித்தவர்
பையைத் திறந்தார், ஸ்வெட்டரைப் பார்த்தார், மூடிவிட்டார்.
மதுரைக்குப் போகிறவளுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று
ஒரு நிமிடம் யோசித்திருந்தால் மாட்டியிருப்பேன்.

உள்ளே ஐந்து பாட்டில்.
நான் வேலை பார்க்கும் சின்ன ஆலையில்
டிசம்பருக்கென்று மட்டும் காய்ச்சிய பியர்.
லேபிளில் ஒரு பனிமான்,
கொம்பில் சிக்கிய நட்சத்திரம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ராத்திரி
பசுமலையில், எங்கள் மொட்டைமாடியில்
இருபத்திரண்டு டிகிரி.
கீழே ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள்
குரங்குக் குல்லாவுக்கு வெளியே
மூக்கை மட்டும் விட்டிருந்தார்கள்.

அண்ணன் தவமணி தன் மெடிக்கல் ஷாப்பிலிருந்து
இருமல் மருந்தின் அளவு மூடிகள் கொண்டுவந்தான்.
பத்து மில்லி கோடு வரை ஊற்றினேன்.
"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றான் ஜவஹர்.

ஆலையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்:
மணம், சுவை, நாக்கில் நிற்பது,
பொதுக் கருத்து.
முதல் பாட்டிலுக்கு அண்ணன் சொன்னது: "நல்லாருக்கு."
இரண்டாவதுக்கு ஜவஹர்: "இதுவும் நல்லாருக்கு."
மூன்றாவதில் இருவரும் சேர்ந்து
காராச்சேவைப் புகழ ஆரம்பித்தார்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம்
ஒச்சு உட்கார்ந்திருந்தான்,
கறுப்பு வேட்டி, துளசிமணி மாலை, நாற்பதாம் நாள் தாடி.
போன வருஷம் வரை எங்களில்
அதிகம் குடித்தவன் அவன்தான்.
சுண்டலை ஒவ்வொன்றாக எண்ணித் தின்றபடி,
"இந்தாங்க மாளிகப்புறம், அந்த மூடியக் கொஞ்சம்
இப்பிடி நீட்டுங்க" என்றான்.

"சாமி!" என்று அண்ணன் பதறினான்.
"மோந்தா விரதம் முறியும்னு குருசாமி சொன்னாரா?"
"கேட்டியா?"
"கேக்கல. கேட்டா வேணாம்பாரு."

கண்ணை மூடினான்.
முதல் மூடி: "ஆரஞ்சுத் தோல். தின்ன தோல் இல்ல,
பஸ்ஸுல முன் சீட்டுக்காரன் உரிச்சது."
இரண்டாவது: "ரயில்வே கேண்டீன் காபி,
டபராவுல ஆறிப்போனது."
மூன்றாவது, வெல்லமும் சுக்கும் போட்டது,
நானே தராசில் நிறுத்துப் போட்டது:
"காய்ச்சக்காரன் தலமாட்டுல வச்ச சொம்பு."
நான்காவதுக்கு நெடுநேரம் பேசவில்லை.
"மழையில நனஞ்ச சாக்கு.
உள்ள நெல்லு இருக்கு.
முளை விட்ருச்சு."

முளை விட்ட பார்லிதான் அது.
அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

தாளின் ஓரமெல்லாம் எழுதினேன்.
மூடியைப் பிடித்திருந்த என் கை அப்படியே நிற்க,
அவன் எழுந்து குழாயில் மூக்கைக் கழுவினான்,
இரண்டு தரம்.
கீழே தெருவில் யாரோ சரணம் போட,
இங்கிருந்தே பதில் சரணம் போட்டான்.
மிச்சமிருந்த பியரை
ஜவஹரும் அண்ணனும் மருந்து மாதிரி முடித்தார்கள்.

ஐந்தாவதைத் திறக்கவில்லை.
"தை பொறக்கட்டும், மாலயக் கழட்டிட்டு வாரேன்"
என்று துண்டில் சுற்றி எடுத்துப் போனான்.

ஆலையில் தாளைப் படித்த முதலாளி
'சொம்பு' என்றால் என்ன என்று கேட்டார்.
கையால் காட்டினேன்.
'தலமாடு' என்றதும் காட்ட வரவில்லை.

சித்திரையில் போன் வந்தது.
வில்லாபுரத்தில் மதியமெல்லாம் கரண்ட் இல்லையாம்.
ஃபிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால்
பனிமான் வேர்த்துக்கொண்டு நின்றதாம்.

"குடிச்சியா?"
"முழுசா."
"எப்பிடி இருந்துச்சு?"

ஃபேன் ஓடாத வீட்டின் சத்தம் கேட்டது,
விசிறி, ஒரு குழந்தை, தெருவில் ஐஸ்காரன் மணி.
"நல்லாருக்கு" என்றான்.

நான் பேனாவை மூடினேன்.
அவனும் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.
"கோவிச்சுக்காத.
அன்னைக்கே எல்லாத்தையும் மூக்குக்குக் குடுத்துட்டேன்.
வாய்க்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கல."