பூரணம், டிசம்பர் 23

கோழியை நான் கொண்டுவரேன்,
உள்ளே வைக்கிறதை நீ பாரு
என்று அண்ணன் போனில் சொன்னான்.
மூன்று வருஷத்தில் அவன் பேசிய
முதல் முழு வாக்கியம்.

இருபத்துநாலு எனக்கு மாலை வரை டியூட்டி.
பிறகு கோயில். பிறகுதான் சாப்பாடு.
அதனால் இருபத்துமூன்று ராத்திரியே
வாணலியை ஏற்றிவிட்டேன்.

வாரம் முழுக்கச் சேர்த்த ரொட்டி ஓரங்கள்
ஃப்ரீசரில் கல்லாய்க் கிடந்து
இப்போது கையில் உதிர்கின்றன.
காக்ஸ் டவுன் கடையில்
இரண்டு தரம் அரைக்கச் சொன்ன கொத்துக்கறி.
ஈரல் தனியே, கடைசியில் போட.
நிறத்துக்கு ப்யாடகி.
சண்டைக்குக் குண்டூர்.
மிளகை மட்டும் மிக்ஸியில் போடாமல்
பூரிக்கட்டையால் நசுக்கினேன்.
பாதி அடுப்புக்கடியில் ஓடிப் பிழைத்தது.

எவ்வளவு காரம் என்று
அவனிடம் கேட்டிருக்கலாம்.
சீட்டுப் பணத்துக்கு முன்னால் அவன்
பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு
கஞ்சி குடிக்கிறவன்.
இப்போது வயிறு எப்படியோ.
பத்து மிளகாய் எண்ணி வைத்தேன்.
அந்த எழுபதாயிரத்தை நினைத்து
இன்னும் நாலு.

பதினோரு மணிக்குக் கேரல் பாட வந்தார்கள்.
முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளினேன்.
வறுபடும் நெடி எனக்கு முன்னால் போய்
அவர்களை வரவேற்றது.
கித்தார்காரர் முதலில் இருமினார்.
அப்புறம் ஆல்ட்டோ வரிசை மொத்தமும்.
கிறிஸ்துமஸ் தாத்தா மூன்று தும்மல் தும்மித்
தாடியைக் கையில் பிடித்துக்கொண்டார்,
பார்த்தால் எல்.ஐ.சி. தேவசகாயம்.
இரண்டாவது சரணத்தை விட்டுவிட்டு
ஆசீர்வாதம் சொல்லிக் கிளம்பினார்கள்.

ஆறவிட்டு, அழுத்தி,
எவர்சில்வர் டப்பாவில் அடைத்து
டேப் ஒட்டி எழுதினேன்:
24 ராத்திரிக்கு. யாரும் தொடாதே.
என் கையெழுத்துக்கு நானே பயப்படுவதில்லை.
விடிகாலை ஐந்துக்கு ஒரு கரண்டி எடுத்தேன்.
ராத்திரியைவிட ஏறியிருந்தது.
குளிரில் சும்மா கிடந்தே
எப்படித்தான் ஏறுகிறதோ.

என் வேலை பையப்பனஹள்ளி மெட்ரோவில்,
பெல்ட்டில் வரும் பைகளின் வயிற்றைத்
திரையில் பார்ப்பது.
சார்ஜர், குடைக்கம்பி, டிபன் பாக்ஸ்,
ஒரு தரம் யாரோ ஒருவரின் பல்செட்.
அன்று நாலரைக்கு ஒரு கட்டைப் பை வந்தது.
ஆரஞ்சுச் சதை, நடுவில் எலும்பு.
எண்ணினேன். பன்னிரண்டு துண்டு.
குழம்புக்கென்றே வெட்டியது.
நிமிர்ந்தால் பெல்ட்டின் அந்தப் பக்கம் அண்ணன்,
முக்கால்வாசி நரைத்து,
மாரிக்குப்பம் ரயில் தூசியோடு.

நிறுத்தும் பொத்தான் வரை போன விரல்
திரும்பி வந்தது.

கடைக்காரன் கேக்காமலே வெட்டிட்டான்
என்றான். அதுதான் முதலில் சொன்னது.
பின்னே நான் எங்கேண்ணா அடைக்கிறது
என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவனுக்கும்.
வரிசை நீண்டு கோடு தாண்டியதும்
ரத்னம்மா பேக பேக என்று கத்தினாள்.

கோழி குழம்பாயிற்று.
பூரணம் ஐயங்கார் பேக்கரியின்
பதினாறு பன்னுக்குள் போயிற்று.
தோசைக்கல்லில் நெய்விட்டுத் திருப்பினேன்.
அண்ணன் நாலு தின்றான்,
தண்ணீர் ஆறு டம்ளர்.
உப்பு கம்மி என்றான்.
சீட்டு விவகாரமும் வந்திருந்தது,
மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.
யாரும் அதற்குத் தட்டு வைக்கவில்லை.
போகச் சொல்லவுமில்லை.

இருபத்தாறு காலை
மிச்சம் இருந்ததை வழித்து
டிபனில் எடுத்துப் போனேன்.
என் பையும் பெல்ட்டில் போக வேண்டும்.
திரையில் ஒரு ஆரஞ்சுத் திட்டு, அவ்வளவுதான்.
பதினாலு மிளகாயில் ஒன்றுகூடத் தெரியவில்லை.
ஏனிதே ஒளகே என்றாள் ரத்னம்மா.
பூரணம் என்றேன்.
ஸ்வீட்டா என்று கேட்டுக்கொண்டே
கையை நீட்டினாள்.