லோ வோல்டேஜ்

கெயினைக் கூட்டினால் தடிக்குமென்று
மூன்று வருஷம் நம்பினேன்.
கிடைத்தது ஈக்கூட்டம்.

குறைத்தேன்.
பதினோராம் நம்பர் கம்பி மாட்டினேன்;
விரல்நுனி உரிந்து
ரசத்தில் கை வைக்க முடியவில்லை.
கழுத்தோரப் பிக்கப், டோன் பாதிக்கும் கீழே.
அப்போதும் சோகைதான்.

பங்குனி ராத்திரி, சமாதானபுரம் மாடி.
கயத்தாற்றில் ஒரு காற்றாடியும் அசையவில்லையாம்.
டியூப்லைட் துடிக்கிறது.
வால்வு ஆம்ப் மட்டும்
மங்கிச் சிவந்து, எதற்கோ சம்மதித்தாற்போல்.

மூன்றாம் கம்பியை வளைத்தேன்.
ஒரே சுரம்.
கருப்பட்டிப் பாகு
அகப்பையை விட மனமில்லாமல் நிற்குமே,
அப்படி.

கீழ்வீட்டு மைதீன் பிச்சை
வேர்த்து ஒழுகக் கத்துகிறார்:
"ஃபேன் சுத்தலவே! ஈ.பி.க்கு போன் போட்டீரா?"

போட்டாச்சு அண்ணாச்சி என்றேன்.

இன்னொரு முறை வளைத்தேன்,
மெதுவாக.